சயாம் ரயில் நம்ம பக்கம் எப்ப நின்னுச்சு, தண்டவாளமெல்லாம் எங்க போச்சு?

முடோன்வாசி:
வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தது இது. ரெண்டாவது உலக யுத்தத்துல ஜப்பான்காரன் யுத்தக் கைதிங்களையும் கூலி ஆளுங்களையும் வச்சு சயாமுக்கும் (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவுல போட்ட சயாம் ரயில் கதை எல்லாருக்கும் தெரியும், யூடியூப்ல ஆயிரம் வீடியோ கெடக்கு, ஆனா எல்லாமே தாய்லாந்து காஞ்சனபுரி பாலத்துல ஆரம்பிச்சு அங்கயே முடிஞ்சிடுது. நம்ம பர்மா பக்கம் தன்பியூசயாட்ல இருந்து எல்லையில இருக்குற பயாத்தோன்சு வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல ஒரு லைன் இருந்துச்சே, அது என்ன ஆச்சு? யார் நிறுத்துனா? அவ்வளவு தண்டவாளமும் எங்க? வீட்ல கேட்டா "காடு தின்னுடுச்சு"ன்னு முடிச்சிடுறாங்க. காடு ஸ்லீப்பர் கட்டையைத் தின்னும் சரி, இரும்பையுமா தின்னும்?

ரயில்கிறுக்கன்:
காடு திங்கல தம்பி, கழட்டி எடுத்தாங்க. கொஞ்சம் முன்னால இருந்து சொல்றேன், இல்லன்னா முடிவு புரியாது.

மொத்த லைன் 415 கிலோமீட்டர், தாய்லாந்துல நோங் பிளாடுக்ல இருந்து நம்ம தன்பியூசயாட் வரைக்கும். அதுல பர்மா பங்கு 111 கிலோமீட்டர்தான், மீதி 304ம் அவங்க பக்கம். மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர். நம்ம மோல்மேன் - யே லைனும் அதே கேஜ்தான், அதனால தன்பியூசயாட்ல கொண்டுவந்து அப்படியே சேர்த்துட்டாங்க. ஜப்பான்காரனுக்கு என்ன அவசரம்னா, சிங்கப்பூரைச் சுத்தி ரங்கூனுக்கு கப்பல்ல சாமான் அனுப்புனா வழியில நீர்மூழ்கி அடிச்சுடுது, பர்மாவுல இருக்குற பட்டாளத்துக்கு அரிசியும் குண்டும் போய் சேரணும், அதுக்கு தரைவழி வேணும். 1942 செப்டம்பர்ல ரெண்டு முனையிலயும் வேலை ஆரம்பிச்சாங்க, நம்ம முனையில 5வது ரயில்வே ரெஜிமென்ட், அந்த முனையில 9வது. 1943 அக்டோபர் 17ந்தேதி கொன்கொய்தாங்குற எடத்துல ரெண்டு தண்டவாளமும் சேந்துச்சு, 25ந்தேதி விழா நடத்துனாங்க. அந்த எடம் தாய்லாந்துக்குள்ள இருக்கு, அப்ப நம்ம முனையில இருந்து போட்டுக்கிட்டே போனவங்க எல்லையைத் தாண்டியும் போயிருக்காங்க.

ஓடுன காலம் எவ்வளவுன்னு பாருங்க. 1943 கடைசியில இருந்து 1945 ஆகஸ்ட் வரைக்கும் யுத்த வண்டி, அதுக்கப்புறம் சில மாசம். அவ்வளவுதான். நாளைக்கு 3000 டன் கொண்டு போகணும்னு போட்ட பிளானை, கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடியே 1000 டன்னா குறைச்சுட்டாங்க. மரப்பாலம், வளைவு, மலை, மேல இருந்து பிளேன் குண்டு, எஞ்சினுக்கு வெறகு. இதுல என்ன வேகம் போகும்? முடிவைப் பத்தி ராத்திரி எழுதுறேன், இப்ப டூட்டி.

ரங்கூன் டீக்கடை:
கிறுக்கரு வந்துட்டாரு, இனிமே நட்டு போல்ட்டு நம்பரோட வரும் பாருங்க 😄

தட்டோன் அக்கா:
எங்க பாட்டி சொன்னது ஒண்ணு. அவங்க அப்போ சின்னப் பொண்ணு, தன்பியூசயாட் பக்கத்துல ரப்பர் தோட்டத்துல இருந்தாங்க. மழைக்காலத்துல, 1943ன்னு நினைக்கிறேன், பிளேன் வந்து ஸ்டேஷன் பக்கம் குண்டு போட்டுச்சாம், வீட்டுல எல்லாரும் ரப்பர் மரத்துக்கு நடுவுல குழியில படுத்துக்கிட்டாங்களாம். எந்திரிச்சுப் பாத்தா அடுப்புல இருந்த சட்டியில மண்ணு, பாட்டிக்கு அந்தக் கருவாட்டுக் குழம்பு போச்சேன்னுதான் அழுகை வந்துச்சாம். குண்டு போட்டது வெள்ளைக்காரன், செத்தது கேம்ப்ல இருந்த வெள்ளைக்காரங்கன்னு அப்புறமா தான் தெரிஞ்சுதாம். இது உண்மையா இருக்குமா கிறுக்கன் அண்ணே?

ரயில்கிறுக்கன்:
பாட்டி சொன்னது நூத்துக்கு நூறு சரி. 1943 ஜூன் மாசம் தன்பியூசயாட்ல குண்டு விழுந்துச்சு, அங்க இருந்தது கைதிங்களோட பேஸ் கேம்ப்பும் ஆஸ்பத்திரியும். ஸ்டேஷனுக்கு ஒட்டுன மாதிரி கேம்ப் போட்டா வேற என்ன ஆகும். அதுக்கப்புறம் நோயாளிங்களை லைன் வழியா உள்ள தள்ளிட்டாங்க. 55 கிலோன்னு ஒரு ஆஸ்பத்திரி கேம்ப் இருந்துச்சு, ஆஸ்திரேலிய டாக்டர் ஆல்பர்ட் கோட்ஸ் அங்கதான் இருந்தாரு. அந்த லைன்ல பாதி கேம்ப்புக்கு பேரே கிலோமீட்டர் நம்பர்தான், தன்பியூசயாட்ல இருந்து எண்ணுறது, 30 கிலோ, 55 கிலோ, 75 கிலோன்னு.

மோல்மேன் பெரியவர்:
பிள்ளைகளா, நானும் ரெண்டு வார்த்தை சொல்றேன், டைப் அடிக்க நேரம் ஆகும், பேரன் பக்கத்துல இருக்கான். எங்கப்பா பர்மா ரயில்வேயில பாயின்ட்ஸ்மேன், வண்டிக்கு தண்டவாளம் மாத்தி விடுற வேலை. அந்தக் காலத்துல ரயில்வேயில பாதிக்கு மேல நம்ம ஆளுங்கதான், தமிழு, தெலுங்கு, ஒரியா. 42ல ஜனங்க நடந்தே இந்தியாவுக்குக் கிளம்புனப்ப எங்க பாட்டிக்கு நடக்க முடியலன்னு அப்பா தங்கிட்டாரு. தங்குனவங்களை ஜப்பான்காரன் விடல, ரயில் வேலை தெரிஞ்சவன்னா விடவே மாட்டான். அப்பா மோல்மேன்லயே வேலை பாத்தாரு, காட்டுக்குள்ள போகல, அது எங்க அதிர்ஷ்டம்.

அவர் சொல்லுவாரு, சாமான் வர்ற வழியில பெரிய தொல்லையே சல்வீன் ஆறுதான்னு. அப்ப ஆத்து மேல பாலம் கெடையாது, மோல்மேன்ல வண்டி நின்னுடும், படகுல ஏத்தி எதிர்க்கரை மார்ட்டபானுக்கு கொண்டு போய் மறுபடி வண்டியில ஏத்தணும். சித்தாங் பாலத்தையும் 42 பிப்ரவரியில வெள்ளைக்காரனே உடைச்சுட்டுப் போயிட்டான். இத்தனை உசுரைக் கொடுத்து காட்டுக்குள்ள ரயில் போட்டு மோல்மேன் வந்து சேந்தா, அங்க ஆத்தங்கரையில சாமான் காத்துக் கெடக்கும். சல்வீன் பாலம் 2005ல தான் வந்துச்சு, நீங்க எல்லாம் அதுல வேகமா போறீங்க.

ரங்கூன் டீக்கடை:
ஐயா எழுதுங்க எழுதுங்க, பேரனுக்கு ஒரு லப்பேயே டீ என் கணக்குல.

ஒரு டவுட்டு. நம்ம பக்கம் செத்தது மலேயாத் தமிழர்தானே? இல்ல பர்மாத் தமிழரும் உண்டா? எங்க வட்டாரத்துல ரெண்டு விதமாவும் சொல்றாங்க.

ரயில்கிறுக்கன்:
மலேயா தோட்டத்துல இருந்து கொண்டுவந்தவங்க பெரும்பாலும் தாய்லாந்து வழியா வந்தாங்க, அந்தப் பக்கம்தான் அதிகம். நம்ம பக்கத்துக்கு ஆள் பிடிச்சது ஜப்பான்காரன் பர்மாவுல உக்கார வச்ச பா மாவ் ஆட்சி வழியா, வியர்வைப் படைன்னு பேர் வச்சு ஊர் ஊரா கணக்கு போட்டு. பர்மாக்காரங்க, மோன், கரேன் எல்லாரும் போனாங்க. ஓடிப் போனவங்களும் நிறைய, சொந்த நாடு, வழி தெரியும். மலேயாத் தமிழனுக்கு ஓடக் கூட திசை தெரியாது, அதான் கொடுமை.

மொத்தக் கணக்கு: வெள்ளைக்காரக் கைதிங்க 60,000க்கு மேல, செத்தது 12,000க்கு மேல. ஆசியக் கூலி ஆளுங்க ரெண்டு லட்சம் அளவுல, செத்தது சுமாரா 90,000ன்னு சொல்றாங்க. முதல் கணக்குல ஒவ்வொருத்தனுக்கும் பேர், நம்பர், செத்த தேதி இருக்கு. ரெண்டாவது கணக்குல சுமாரான்னுதான் சொல்ல முடியும், ஏன்னா யாரும் எழுதி வைக்கல.

கேஎல் பர்மாக்காரன்:
நான் தட்டோன் ஆளு, இப்ப கோலாலம்பூர்ல வேலை. இங்க தோட்டத்துல இருந்து வந்த பெருசுங்க குடும்பத்துல கேட்டா வேற மாதிரி கதை வருது. தினம் ஒரு வெள்ளி சம்பளம், மூணு மாசத்துல திரும்பிடலாம்னு முதல்ல ஆசை காட்டுனாங்களாம். போனவன் திரும்பலன்னு தெரிஞ்சதும் யாரும் பேர் குடுக்கல, அப்புறம் இலவசமா படம் காட்டுறோம்னு கூப்பிட்டு, உள்ள உக்காந்ததும் கதவை அடைச்சு லாரியில ஏத்திட்டுப் போனாங்களாம். ஒருத்தர் வீட்டுல சொன்னாங்க, தாத்தா போனப்ப கட்டியிருந்த வேட்டியோட போனார், சட்டை எடுக்கக் கூட விடலன்னு. அங்க போனா டாக்டர் கெடையாது, கொதிக்க வச்ச தண்ணி கெடையாது. வெள்ளைக்காரக் கேம்ப்புல அவங்க டாக்டரே தண்ணிய கொதிக்க வைன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. நம்ம ஆளுங்க கேம்ப்புல காலரா வந்தா ஆத்துத் தண்ணிதான், அதே ஆத்துலதான் எல்லாம். 1943 மழையில அதுதான் கொத்துக் கொத்தா அள்ளிட்டுப் போச்சு.

அப்புறம் ஒரு தகவல். காஞ்சனபுரியில ஜப்பான்காரனே 1944ல கட்டுன நினைவுச் சின்னம் ஒண்ணு இருக்கு, செத்தவங்களுக்காக. நேர்ல பாத்திருக்கேன். சுவத்துல பதிச்ச கல்லுல பல பாஷை, அதுல தமிழும் இருக்கு. சாவடிச்சவனே தமிழ்ல கல்லு வெட்டி வச்சான், வெள்ளைக்காரன் கல்லறையில ஒரு தமிழ் எழுத்து கெடையாது. கோவத்துல எழுதுறேன் மன்னிச்சுக்கோங்க.

முடோன்வாசி:
கோவப்படுறதுல தப்பே இல்லண்ணே. ஆனா கேள்வி அப்படியே நிக்குது, லைன் எப்படி முடிஞ்சுச்சு 🙂

ரயில்கிறுக்கன்:
வந்துட்டேன். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

1945 ஏப்ரல் கடைசியில ஜப்பான் பர்மாப் பட்டாளத்தோட ஹெட்குவார்ட்டர்ஸ் ரங்கூனை விட்டு மோல்மேனுக்கு ஓடி வந்துச்சு. பர்மாவுக்குள்ள பட்டாளத்தை ஊட்டி வளக்கக் கட்டுன லைன், கடைசியில அதே பட்டாளம் தோத்து வெளிய போற வழியா ஆச்சு. காயம்பட்டவன், நோயாளி எல்லாம் அதுலதான் சயாம் பக்கம் போனாங்க. பிளேன் பாலத்தை உடைக்கும், உடைஞ்ச பாலம் வரைக்கும் ஒரு வண்டி, அந்தப் பக்கம் இன்னொரு வண்டி, நடுவுல தலைச்சுமை. ஜப்பான்காரன்கிட்ட ரோட்டுலயும் தண்டவாளத்துலயும் ஓடுற லாரி இருந்துச்சு, டயரைக் கழட்டி இரும்புச் சக்கரத்தை மாட்டுனா ரயிலு, அந்த மாதிரி நேரத்துல எஞ்சினை விட அதுதான் கை குடுத்துச்சு.

ஆகஸ்ட்ல சரணடைஞ்சாங்க. வண்டி உடனே நிக்கல. செப்டம்பர் 22ல இருந்து அக்டோபர் 10 வரைக்கும் பிரிட்டிஷ் கல்லறைக் குழு ஒண்ணு இந்த லைன் மேலயே போய் குழி தேடுச்சு. 144 கல்லறைத் தோட்டம், 10,000க்கும் மேல குழி கண்டுபிடிச்சாங்க, விட்டுப் போனது ரொம்பக் கொஞ்சம். கைதிங்க ரகசியமா வரைஞ்சு வச்ச கணக்கெல்லாம் அவங்ககிட்ட இருந்துச்சு, அதான் முடிஞ்சுது. என்னைக் கேட்டா அந்த லைன் செஞ்ச ஒரே நல்ல வேலை அந்த மூணு வாரம்தான். மோல்மேன்ல இருந்து தாய்லாந்துக்குள்ள இருக்குற நீக்கே வரைக்கும் இருந்த குழியெல்லாம் தோண்டி எடுத்துதான் பிற்பாடு தன்பியூசயாட் கல்லறையில வச்சாங்க. அமெரிக்காக்காரன் தன் ஆளுங்களை ஊருக்கே எடுத்துட்டுப் போயிட்டான். ஆசியக் கூலிகளோட குழியை யாரும் தேடல.

இப்ப உன் கேள்விக்கு பதில். 1946 ஜனவரி 16ந்தேதி எல்லைக்கு அந்தப் பக்கம், நீக்கேக்கும் சொன்கிராய்க்கும் நடுவுல நாலு கிலோமீட்டர் தண்டவாளத்தைக் கழட்டச் சொல்லி பிரிட்டிஷ்காரன் உத்தரவு போட்டான். கழட்டுனது யாரு? ஜப்பான் கைதிங்க. அதே காட்டுல, ரெண்டு வருஷம் முன்னாடி அவன் அடிச்சு வேலை வாங்குன அதே எடத்துல. அன்னைக்கே ரெண்டு நாட்டையும் சேத்த லைன் செத்துப் போச்சு, மீதி ரெண்டு துண்டு. ஏன் வெட்டுனான்னு கேட்டா, பேங்காக்குக்கும் ரங்கூனுக்கும் நேர் ரயில் இருந்தா சரக்கு அப்படியே குறுக்க போயிடும், சிங்கப்பூர் துறைமுகத்துக்கு நட்டம். வியாபாரம், வேற ஒண்ணுமில்ல.

நம்ம பக்கத்துத் துண்டை அதுக்கப்புறம் ஒவ்வொரு பகுதியா கழட்டி, இரும்பை எல்லாம் மோல்மேன்ல கொண்டுவந்து குவிச்சாங்க. ஸ்லீப்பர் கட்டை, மரப்பாலம், மண் மேடு, இது மட்டும்தான் காட்டுக்கு மிச்சம். அதைத்தான் காடு தின்னுச்சு.

மோல்மேன் பெரியவர்:
தம்பி சொல்றது சரி. அப்பா சொன்ன இரும்பு மலை அதுதான். மோல்மேன் யார்டுல தண்டவாளம் அடுக்கி அடுக்கி வச்சிருந்தாங்களாம், மழையில சிவந்து போய். நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது பழைய தண்டவாளத் துண்டு ஊருக்குள்ள எல்லா எடத்துலயும் இருக்கும், வேலிக்கு கல்லுக்கால் மாதிரி, சாக்கடை மேல பாலம் மாதிரி, ஒரு கோயில்ல மணிக்குப் பதிலா தொங்கவிட்டு சுத்தியலால தட்டுவாங்க. அது சயாம் ரயிலோடதா, வேற லைன்ல மாத்துன பழசான்னு யார் கண்டா.

தட்டோன் அக்கா:
ஐயா, எங்க பெரியம்மா வீட்டு பின்பக்கம் மாட்டுக் கொட்டாயில ரெண்டு தண்டவாளத் தூணு இருக்கு! தூணோட இடுப்புப் பக்கம் புடைச்ச மாதிரி எழுத்து, பாதி துருவுல போயிடுச்சு, கடைசியில 19ன்னு மட்டும் தெரியுது, அடுத்த ரெண்டு நம்பர் தேஞ்சு போச்சு. சுண்ணாம்பு வேற பூசி வச்சிருக்காங்க.

ரயில்கிறுக்கன்:
அக்கா அதைத் தொடைச்சு ஒரு போட்டோ போடுங்க ப்ளீஸ்!! சுண்ணாம்பை கம்பி பிரஷ்ஷால மெதுவா எடுத்துட்டு, மேல கரித்தூளோ சாக்பீஸோ பக்கவாட்டுல தேச்சா எழுத்து எழும்பி வரும். அந்தப் புடைச்ச எழுத்து தண்டவாளத்தை உருட்டும்போதே விழுறது, எந்த ஆலை, எந்த வருஷம், சில சமயம் எந்த ரயில்வேக்குன்னும் இருக்கும். ஏன் துடிக்கிறேன்னா, இந்த லைனுக்குப் போட்ட தண்டவாளம் புதுசு இல்ல, அங்க இங்க பிடுங்குனது. மலேயாவுல கெமாஸ்ல இருந்து கோத்தபாரு போற கிழக்குக் கரை லைனையே பிடுங்கித்தான் கொண்டு வந்தாங்க. உங்க பெரியம்மா வீட்டு மாடு ஒருவேளை கிளந்தான்ல இருந்து வந்த இரும்புல முதுகு தேச்சுக்கிட்டு நிக்கலாம்.

ரங்கூன் டீக்கடை:
பிடுங்கி போட்டான், மறுபடி பிடுங்குனான். எத்தன உசுரு போச்சு இந்த நடுவுல. சரி தாய்லாந்து பக்கத்துத் துண்டு மட்டும் ஏன் பொழைச்சுது?

ரயில்கிறுக்கன்:
அவங்களுக்கு பிரிட்டிஷ்காரன் வித்தான். 1946 அக்டோபர்ல, 12 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. 1947 பிப்ரவரி 1ந்தேதி ஆய்வுக்குப் போன தாய்லாந்து போக்குவரத்து மந்திரியே கொன்கொய்தா பக்கம் பாலம் உடைஞ்சு செத்துப் போனாரு, லைனோட லட்சணம் அப்படி. அந்த வருஷமே மூடுனாங்க, பிறகு கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணி 1949ல காஞ்சனபுரி, 1952ல வாங் போ, 1958 ஜூலை 1 நாம் தொக் வரைக்கும் திறந்தாங்க. இன்னைக்கும் அது வரைக்கும் ஓடுது, சுமார் 130 கிலோமீட்டர். அதுக்கு மேல உள்ளதுல கொஞ்சம் 1984ல காவோ லேம் அணைத் தண்ணிக்குள்ள போயிடுச்சு.

இப்ப எனக்கு வயிறு எரியுற விஷயம். அந்த வித்த காசு எதுக்குப் போச்சு தெரியுமா? பிடுங்குன தண்டவாளம், வேகன் எல்லாத்துக்கும் சொந்தக்கார நாடுகளுக்கு நஷ்டஈடு. இரும்புக்கு நஷ்டஈடு! பிரிட்டிஷ் சிப்பாய்க் கைதிக்கு 1950கள்ல ஆளுக்கு 76 பவுண்டு சொச்சம் கெடச்சுது, அவனே பிச்சைக்காசுன்னு திட்டுனான். தமிழ்க் கூலிக்கு அந்த 76 பென்ஸ் கூட இல்ல.

கேஎல் பர்மாக்காரன்:
ஜப்பான் அரசாங்கம் பர்மாவுக்கு குடுத்துச்சே, அதுல வராதா?

மோல்மேன் பெரியவர்:
அது நாட்டுக்கு நாடு தம்பி. 1954ல ஒப்பந்தம், 20 கோடி டாலர், பத்து வருஷத்துல. பலூச்சாங் மின்சார நிலையம் அதுலதான் வந்துச்சு, ரங்கூன்ல லைட்டு எரிஞ்சுச்சு. குடும்பத்துக்குன்னு யாரும் கொண்டு வந்து கொடுக்கல. கேக்கப் போனா 1962ல பட்டாளம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் நம்ம ஆளுங்களே ஊரை விட்டுக் கிளம்புற நெலம, யார் யாரைக் கேக்குறது.

ரங்கூன் டீக்கடை:
கிறுக்கரே, தன்பியூசயாட் மியூசியத்துல நிக்குற எஞ்சின் நெசமாவே அந்த லைன்ல ஓடுனதா, இல்ல டூரிஸ்டுக்கு கொண்டாந்து நிறுத்துனதா? என் மச்சான் டம்மின்னு அடிச்சு சொல்றான்.

ரயில்கிறுக்கன்:
மச்சான் கிட்ட சொல்லுங்க, டம்மி இல்ல. C5623, ஜப்பான் எஞ்சின். C56 வகையில முதல் 90 எஞ்சினை கேஜ் குறைச்சு இந்தப் பக்கம் அனுப்புனாங்க, ஜப்பான்ல 1067 மில்லிமீட்டர், நம்மளுது 1000. 23ங்குறது அந்த 90க்குள்ள வருது. இதோட கூடப்பிறந்த 31ம் நம்பர்தான் திறப்பு விழா அன்னைக்கு ஓடுனது, அதை 1979ல ஜப்பானுக்கு கொண்டு போய் டோக்கியோ யாசுகுனி கோயில் மியூசியத்துல பளபளன்னு வச்சிருக்காங்க. 44ம் நம்பரும் திரும்பிப் போச்சு, அதுக்கு சிவப்பு பெயின்ட் அடிச்சு பிள்ளைங்களுக்கு கார்ட்டூன் ரயில் மாதிரி ஓட்டுனாங்க, இது வெளையாட்டுக்கு சொல்லல, நெசம். எஞ்சின் எல்லாம் பொழைச்சுக்குது பாத்தீங்களா.

மியூசியம் 2016ல தான் திறந்தாங்க, அதுக்கு முன்னாடி எஞ்சின் வெட்டவெளியில துண்டுத் தண்டவாளம் மேல நின்னுச்சு.

முடோன்வாசி:
அப்ப கல்லறை? போகணும்னு இருக்கேன், மியூசியமும் கல்லறையும் ஒரே நாள்ல பாத்துடலாமா?

தட்டோன் அக்கா:
தாராளமா. கல்லறை ரொம்ப சுத்தமா இருக்கும், புல்லு வெட்டி, ஒவ்வொரு கல்லுலயும் வெண்கலத் தகடு, பேரு, வயசு. 22, 24, 27ன்னு படிச்சுக்கிட்டே போனா மனசு கெட்டுப் போகும். காமன்வெல்த் 3149, டச்சுக்காரங்க 621ன்னு கணக்கு. நம்ம ஆளுங்களுக்கு ஒரு தகடு வைக்கலாமேன்னு எங்க கோயில் கமிட்டியில ஒரு தடவை பேச்சு வந்துச்சு, எங்க வைக்கிறதுன்னு தெரியாம அப்படியே நின்னுடுச்சு. எந்த எடத்துல புதைச்சாங்கன்னு தெரிஞ்சாத்தானே?

மோல்மேன் பெரியவர்:
எடம் தெரிய வேண்டியதில்லம்மா. ஸ்டேஷன்ல வைக்கலாம், எல்லாரும் அந்த வழியாத்தானே போனாங்க. கமிட்டி ஆளுங்களை எனக்கு போன் பண்ணச் சொல்லு, என் பேரன் நம்பரை உனக்கு தனியா அனுப்புவான்.

ரயில்கிறுக்கன்:
முடோன்வாசி தம்பி, யே ரயிலை நம்பாத, மோல்மேன்ல இருந்து லைன்கார் (ஆள் ஏத்துற ஷேர் வண்டி) ஏறுனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். பயாத்தோன்சு ரோட்டுப் பக்கம் இப்ப போகாத, நெலம சரியில்ல. அக்கா, அந்த மாட்டுக் கொட்டாய் போட்டோ மறந்துடாதீங்க, 19க்கு அடுத்த ரெண்டு நம்பர் தெரிஞ்சாலே பாதி விஷயம் முடிஞ்சுது.

தட்டோன் அக்கா:
ஞாயித்துக்கிழமை போறேன். பெரியம்மா இப்பவே கேக்குறாங்க, தூணை கவர்மென்ட் எடுத்துட்டுப் போயிடுமான்னு 😂